நாண் இழுக்கும்போது சொல்லும் பெயர்

முழங்கால் விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும், அதற்காகக் காலை நீட்டிவிட முடியுமா. உச்சிப்பொழுது சாய்ந்ததிலிருந்து தீர்த்தன் உண்ணிப்புதருக்குள் பாறைக்கு முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தான். மேலே சட்டை இல்லை. தை மாசத்துக் குளிர் பாறைக்குள்ளிருந்து கிளம்பி முதுகெலும்பு வழியாகப் பிடரிக்கு ஏறியது. சட்டையைக் கழற்றி, ஓடைக்குப் பக்கத்துக் கீழ்வழியில் ஒரு கிளையில் மாட்டிவிட்டு வந்திருக்கிறான். வேர்வையும் மாட்டுக்கொட்டகையும் நாறுகிற சட்டை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் கிழவி கீழ்வழியில் வரமாட்டாள், மேல்வழியாகச் சுற்றித்தான் நெல்லிமரத்துக்கு வந்தாக வேண்டும். பொழுது சாயச் சாய மலைக்காற்று மேலிருந்து கீழே இறங்கும். அவள் மேலே, இவன் கீழே. அவள் வாசனை இவனுக்கு வரும், இவன் வாசனை அவளுக்குப் போகாது. போன தடவை இதை யோசிக்காமல்தான் கோட்டைவிட்டான். மேல்வழியையே பார்த்துக் கண் பூத்து உட்கார்ந்திருந்தவனுக்குப் பின்னால் கீழ்வழியாகச் சுற்றிவந்து நின்று, மோந்து பார்த்து, முன்காலால் தரையில் ஓர் உதை உதைத்து, காட்டையே கூட்டுகிற மாதிரி கூவிவிட்டுப் போனாள். கிழவி என்றால் மான். இந்தச் சரிவில் மேய்கிற புள்ளிமான் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற பெரிய பிணை. அவளைக் கொல்ல வேண்டும். விலாவில் அம்பு இறங்க வேண்டும், மூக்கில் ரத்தம் வழிய வேண்டும், அந்தக் கால் இனிமேல் எந்தத் தரையையும் உதைக்கக் கூடாது. இருட்டுவதற்குள் அவள் பின்னங்கால் ஒன்று கரிராமன் வீட்டுப் பந்தலில் இருக்க வேண்டும். விடிந்தால் கரிராமன் மகள் திலகாவுக்குக் கல்யாணம். கரிராமன் பெண்டாட்டி பச்சியம்மா, தீர்த்தனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. தாய்மாமன் தன் வில்லால் அடித்த பிணைமானின் காலை முதல்நாளே பந்தலில் கொண்டுவந்து வைத்தால்தான் மாமன் பலகை அவனுக்கு. அதில் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, தாலிக்கயிற்றைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பான். கொண்டுவராத மாமன் ஊரோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பலகையில் யாரை உட்காரவைப்பது என்பது அதற்கப்புறம் பெண்ணின் அப்பன் இஷ்டம். அந்த மலையூர் வழக்கம் அது.

கரிராமன் இஷ்டம். பல்லிடுக்கில் மாட்டிய கறிநார் மாதிரி அது, நாக்கு அங்கேயே போய்ப் போய் நெருடும். நேற்று பந்தல்கால் நடும்போது தீர்த்தன் தெருவில் நின்றான், உள்ளே போகவில்லை. கரிராமன் இவனைப் பார்த்துப் பேசவில்லை, இரண்டு பேரும் பேசி வருஷக்கணக்காகிறது. மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பேசினான். “எங்க மச்சான் எதுக்குப்பா இந்த வயசுல மலை ஏறணும். ப்ராய்லர் கோழி சொல்லியாச்சு. அதுக்கும் காலு இருக்குது.” கயிறு முடிந்துகொண்டிருந்தவன் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். “இல்ல, போறதுன்னா போவட்டும். குட்டியா ஒண்ணு பாத்து அடிக்கச் சொல்லு. கிழவிகிட்ட போனா வில்லைப் புடுங்கிக்கிட்டு அனுப்பிடுவா.” அந்த வாய். அந்த வாயில் மண்ணை அள்ளித் திணித்து, மண்டையைப் பிடித்துத் தூணில் மோதி, மோதி, தூண் ஆடி, பந்தல் சரிந்து அவன்மேலேயே விழுந்து. தீர்த்தன் கை வில்லை இறுக்கிப் பிடித்தது. மூங்கில் மெல்ல நெரிந்தது. சீ, சத்தம். அடங்கு. மேலே நெல்லிமரத்தில் மந்தி ஒன்று கிளையை உலுக்கியது, காய்கள் பொலபொலவென்று கொட்டின. அந்தச் சத்தம் நல்ல சத்தம். காய் விழுகிற சத்தத்துக்குத்தான் மான் வரும்.

ஆண்மானை அடிப்பது ஒரு வேலையா. பருவம் வந்துவிட்டால் அதற்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. கொம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டு, கத்திக்கொண்டு, அம்புக்கு நேராக மார்பைக் காட்டி நிற்கும். கரிராமன் அந்த ஜாதி. வயதான பிணை வேறே. வெட்டவெளிக்கு வருவதற்கு முன்னால் புதரோரத்தில் மரம் மாதிரி நிற்பாள். பின்னால் வருகிற கூட்டமும் நிற்கும். காது ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும். அப்புறம் தலையைக் குனிவாள், புல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும். கடிக்கமாட்டாள். அவள் மேய்கிறாள் என்று நம்பி நீ விரலை நகர்த்தினால் சட்டென்று நிமிர்ந்திருப்பாள். நீ நகர்கிறாயா என்று பார்க்கத்தான் குனிந்தாள். பச்சியம்மா அப்படித்தான் சோறு தின்பாள். முகம் தட்டில் இருக்கும், கண் வாசலில் இருக்கும். தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் கவளம் பாதி வழியில் நிற்கும். சத்தம் தாண்டிப் போனால்தான் வாய்க்குள் போகும். அதுவும் வலது காதுதான், இடது காது போய்விட்டது. கரிராமன் விறகுக்கட்டையால் அடித்த அடியில் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்து ரவிக்கை நனைந்துபோய் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள், நின்றுகொண்டு அழக்கூட இல்லை. அன்றைக்கு இதே வில்தான். நாணை அவிழ்த்துவிட்டு மூங்கிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான் தீர்த்தன். கரிராமன் சோளக்கொல்லையில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். ஒரே அடி. கழுத்துப்பட்டை எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி கேட்டது. இப்போதும் கேட்கும், நினைத்தால் கேட்கும், ராத்திரி தூக்கம் வராதபோது அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவான். இன்னொரு அடி அடித்திருக்க வேண்டும். அடிப்பதற்குள் ஆட்கள் வந்து பிடித்துவிட்டார்கள். ஊர் கூடியது. ஊர் பச்சியம்மாவைக் கேட்டது. அவள் எழுந்து நின்று, “எங்க ஊட்டுச் சண்டையில எங்கண்ணன் எதுக்கு வந்துச்சு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் தீர்த்தன் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. எங்கண்ணன் எதுக்கு வந்துச்சு. எதுக்கு வந்தேனா. உன் ரத்தம் என் வாசலில் காயாமல் கிடந்ததே, அதுக்கு வந்தேன். அவளும் கிழவி மாதிரிதான். அந்த வீட்டில்தான் அவள் இருந்தாக வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துச் சொல்லிவிட்டாள். தெரியும். தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா. திலகா மட்டும் வருவாள். திருவிழா என்றால் கொல்லைப்புற வழியாகச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “மாமா, சீக்கிரம் தின்னுட்டுத் தட்டைக் குடு. அம்மா கேட்டா எருமைக்கு வெச்சேன்னு சொல்லிக்கறேன்,” என்பாள். அந்த எருமை வார்த்தைக்காகவே அவளை மடியில் உட்காரவைக்க வேண்டும். பலகை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வேறு எதுவும் வேண்டாமென்றால் ஏன் அந்த மந்தை வந்தபோது முதலில் வந்த இளம்பிணையை அடிக்கவில்லை. வெயில் மரத்தலைக்கு ஏறிவிட்ட நேரம், மேல்வழியில்தான் வந்தன, அவன் நினைத்தபடியே. இளசு ஒன்று துள்ளிக்கொண்டு நெல்லிமரத்துக்குக் கீழே ஓடிவந்து, குறுக்காக நின்று, வாய் நிறையக் காயை மென்றது. மூச்சு விடுகிறபோது விலா விரிகிறது தெரிந்தது. அம்பு தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் தூரம். கால் கிடைத்துவிடும், பலகை கிடைத்துவிடும், நேராக வீட்டுக்குப் போகலாம். குட்டியா ஒண்ணு பாத்து அடிக்கச் சொல்லு. மாட்டேன். கிழவிதான் வேண்டும். தீர்த்தன் அதை விட்டுவிட்டுப் புதரோரத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை, வெறும் நிழல், அப்புறம் நிழலில் ஒரு காது ஆடியது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள். இளசை முன்னால் விட்டு என்ன ஆகிறதென்று பார்க்கிறாள், தேவடியா. இனிமேல்தான் கஷ்டம். ஆண்மானை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். பிணையை அடிப்பதென்றால் நாணை இழுத்த பிறகு, அம்பை விடுவதற்கு முன்னால், அந்தக் கறியில் முதல் வாய் யாருக்கோ அந்த ஆளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது, பிணையின் காதில் விழ வேண்டும். யாருக்காகச் சாகிறோமென்று தெரியாமல் ஒரு தாய் சாகக் கூடாது. பெயர் சொல்லாமல் அடித்தாலும், பெயருக்குரிய ஆள் முதல் வாய் தின்பதற்கு முன்னால் வேறே ஆட்கள் தின்றாலும், அந்தக் கறி பொங்குகிற வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை தங்காது. எத்தனை வில்லாளிகள் இந்த இடத்தில் தோற்றுப் போயிருக்கிறார்கள். குரல் கேட்டால் இளம்பிணை ஒரு கணம் திகைத்து நிற்கும், அந்த ஒரு கணம் போதும். கிழவி திகைக்கமாட்டாள். அவள் பெயர்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். குரல் வந்த அதே மூச்சில் அம்பும் வர வேண்டும், பெயர் அம்பின் முதுகிலேயே ஏறிப் போக வேண்டும். திலகா. வாய்க்குள் உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தான். திலகா, திலகா. நல்ல பெயர், சின்னப் பெயர். ஆனால் வாய் ஒன்று பழகிக் கிடக்கிறதே. விறகு பிளக்கிறபோது, கோழி கழுத்தைத் திருகுகிறபோது, பாம்பை அடிக்கிறபோது, கோடாலி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் வாயில் வேறே ஒரு பெயர் வருகிறதே, இத்தனை வருஷமாக.

கிழவி நிழலிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றாள். கீழ்வழிப் பக்கம் மூக்கைத் தூக்கினாள், காற்று ஒரு கணம் சுழன்று சட்டை நாற்றத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும், மூக்குத் துவாரம் விரிந்தது. அங்கே இருக்கிறான் என்று நினைத்துக்கொள், நினைத்துக்கொள். இன்னோர் அடி. குனிந்தாள். தீர்த்தன் அசையவில்லை. நிமிர்ந்தாள். நேராக உண்ணிப்புதரைப் பார்த்தாள். அவன் இமையைத் தாழ்த்திக்கொண்டான், கண்ணின் ஈரம் மின்னினாலும் கண்டுபிடிப்பாள். முன்காலைத் தூக்கினாள், உதைக்கப் போகிறாள், உதைத்தால் போயிற்று. காலை மெதுவாக இறக்கிவைத்தாள். மறுபடியும் குனிந்தாள், இந்தத் தடவை காயைக் கடிக்கிற சத்தம் கேட்டது. நிஜமாகவே கடிக்கிறாள். முழங்கால் வலி போய்விட்டது, குளிர் போய்விட்டது, உடம்பே போய்விட்டது, கையும் நாணும் மட்டும் இருந்தன. இழுத்தான். தோளில் எலும்பு எலும்போடு உரசியது. அம்பின் நுனி விலாவுக்கு வந்து நின்றது, முன்காலுக்குக் கொஞ்சம் பின்னால், அங்கேதான் உயிர் இருக்கிறது. குத்து. உடை. வாயில் மண். சுள்ளி ஒடிகிற சத்தம். தீர்த்தன் வாயைத் திறந்தான், “கரிராமன்,” என்றான், விரல் விட்டது.

குரல் கேட்டதுமே அவள் குதிக்கவில்லை, குதிப்பதற்காகத் தரையோடு தாழ்ந்தாள். விலாவுக்குப் போன அம்பு முதுகுத்தண்டில் போய் இறங்கியது. பின்பாதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்பாதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டாலும் மண்ணைத் தோண்டித் தோண்டி, செத்துப்போன பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். கூட்டம் வெடித்துச் சிதறியது, மந்திகள் அலறின. தீர்த்தன் கத்தியோடு ஓடினான். மரத்துப்போன காலில் இரண்டு தடவை விழுந்தான். அவள் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். கண்ணைப் பார்க்காதே. அருகே போனதும் குளம்பு ஒன்று வந்து அவன் மார்பைக் கிழித்தது. அவன் அவள் கழுத்தின்மேல் விழுந்து, காதைப் பிடித்துத் தலையைப் பின்னால் வளைத்து, “திலகா” என்று கத்தியை இறக்கினான். கிழட்டுத் தோல், சுலபமாக அறுபடவில்லை. “திலகா.” ரத்தம் முகத்தில் அடித்தது, சூடாக, உப்பாக. “திலகாடி, திலகாவுக்கு, கேக்குதா, திலகா.” அவள் கால் ஓய்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. கழுத்து பாதி தொங்கிய பிறகும் சொல்லிக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கை நின்றது. என்ன பிரயோஜனம். அம்போடு போன பெயர் போனதுதான், கத்தியோடு சொல்கிற பெயரை யார் கேட்டார்கள். மடியைத் தடவிப் பார்த்தான். வற்றியிருந்தது, குட்டி இல்லை. வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே இழுத்துப் போட்டான், ஈரலை மட்டும் உள்ளே விட்டுவைத்தான். கை தானாக வேலை செய்தது. மனசு ஒரே இடத்தில் நின்று சுற்றியது. யாரும் கேட்கவில்லை. மந்தி கேட்டது, மரம் கேட்டது. மந்தியா போய்ப் பந்தலில் சொல்லப் போகிறது.

“மச்சா.”

மேல்வழியில் ஆள் நின்றது. அந்தி வெளிச்சத்தில் வேட்டியும் தோள்துண்டும்தான் முதலில் தெரிந்தன. கரிராமன். காட்டில், தனியாக, கையில் ஒரு டார்ச்சைத் தவிர ஒன்றுமில்லாமல்.

“உன் தங்கச்சி அனுப்புனா. பொழுது போச்சு, அண்ணன் இன்னும் எறங்கல, போயிப் பாருன்னு.” இறங்கி வந்தான். மானுக்குப் பக்கத்தில் குந்தி, குளம்பைத் தூக்கிப் பார்த்தான், பல்லை விலக்கிப் பார்த்தான். “கிழவிதான். அடிச்சுப்புட்டியே.” குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தேவலை. பிறகு எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிணை அடித்தவனை வழியில் பார்க்கிற எவனும் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

“யாருக்கு?”

திலகாவுக்கு. சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும். சொன்னால் பலகை. சொன்னால் நாளைக்கு இவன் பந்தலில் இவன் பார்த்திருக்க நான் தாலியை எடுத்துக் கொடுப்பேன். திலகா என் மடியில் உட்கார்ந்து எருமை என்று காதோடு சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் அந்தக் கறி பந்தலில் பொங்கும், அவளும் ஒரு வாய் தின்பாள். மூன்று மாசமோ நான்கு மாசமோ கழித்து ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள், பாயெல்லாம் ரத்தம். என்னால். இல்லை, இவனால். இல்லை, என் வாயால். கையில் கத்தி இருந்தது. இவனை இங்கேயே போட்டுவிட்டால் கேள்வியே இல்லை. பாறையிடுக்கு ஆழம், செந்நாய் மிச்சம் வைக்காது. கத்தி ஈரமாக இருந்தது. கரிராமன் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான்.

“உனக்கு,” என்றான் தீர்த்தன்.

“என்னது?”

“உன் பேருதான் வந்துச்சு. திலகா பேரைச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்.”

கரிராமன் மானின் முதுகில் நின்ற அம்பைப் பார்த்தான். மந்திகள் அடங்கிவிட்டன. “என் பேரா,” என்றான் அப்புறம். “வேற பேரே கெடைக்கலயா உனக்கு.”

“வாயில இருந்தது அதுதான்.”

“இருக்கும்.” மூக்கால் ஒரு மூச்சு விட்டான், அது சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. “அப்பக் குடு.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தீர்த்தனுக்கு எதிரே குந்தினான். பெயர் சொன்னவன் கையால்தான் முதல் வாய் ஊட்ட வேண்டும். தீர்த்தன் மானின் வயிற்றுக்குள் கையை விட்டு ஈரலில் ஒரு துண்டு அறுத்தான், இன்னும் சூடு இருந்தது. கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். கரிராமன் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்தான். கழுத்து முழுசாகத் தெரிந்தது, நரைத்த முள்தாடி, மேலும் கீழும் ஏறி இறங்குகிற தொண்டைக்குமிழ், ஒட்டாமல் ஒட்டிப் புடைத்துக்கொண்டிருக்கிற எலும்பு. கத்திக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இல்லை. எந்தப் பிணையும் இப்படி நிற்காது. பயமில்லையா இவனுக்கு. முட்டாளா. இல்லை, நான் செய்யமாட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் மூடியிருக்கிறானா. இடது கை கத்தியை இறுக்கிப் பிடித்தது. வலது கை போய் ஈரலை வாயில் வைத்தது. உதடு விரலில் பட்டது, வெதுவெதுப்பாக, ஒரு குழந்தையின் உதடு மாதிரி. அதற்காகவே அவனைக் கொன்றிருக்கலாம். கரிராமன் மென்றான். ரத்தம் வாயோரத்தில் வழிந்தது. சிரமப்பட்டு விழுங்கினான்.

“தின்னாச்சு. இனிமே இது என் கறி. என் கறிய நான் யாருக்கு வேணா குடுப்பேன். காலு திலகாவுக்கு. பலகையில நீ உக்காரு.”

“நீ குடுத்து நான் உக்காரணுமா.”

“உக்காராட்டிப் போ. உன் தங்கச்சிகிட்டயும் மருமவகிட்டயும் போயி நீயே சொல்லு, வில்லு இழுக்கறப்ப யாரு பேரு வந்துச்சுன்னு.” எழுந்து துண்டால் வாயைத் துடைத்தான். “நான் சொல்லப்போறதில்ல.”

தீர்த்தன் கத்தியை இலையில் துடைத்தான். இத்தனை வருஷமாக உள்ளே தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த பகையை இவன் கையால் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறான். இவன் என்னை அடித்திருக்கலாம். ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கலாம். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது. இதற்கு என்ன பதில். மூங்கில் ஒன்றை வெட்டி, மானின் கால்களைக் கட்டி, முன்முனையைக் கரிராமன் தன் தோளில் வைத்துக்கொண்டான், பின்முனை தீர்த்தனுக்கு. “கல்லு வழுக்கும், பாத்து வா,” என்றான் திரும்பாமல். அவன் பிடரி முன்னால் ஆடி ஆடிப் போயிற்று. தீர்த்தன் அதையே பார்த்துக்கொண்டு நடந்தான். பெண்டாட்டியின் காதைச் செவிடாக்கின கை மூங்கிலைப் பிடித்திருந்தது. அந்தக் கையை இனிமேல் எப்படித் திட்டுவது. திட்டுவேன், சாகும்வரைக்கும் திட்டுவேன். ஆனால் திட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த உதடு விரலில் வந்து படும்.

பந்தலில் குழல்விளக்கு எரிந்தது, ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தெருமுனை வந்ததும் கரிராமன் குரலெடுத்தான். “எங்க மச்சான் கிழவியவே சாய்ச்சுட்டான். வந்து பாருங்கடா.” ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிறு முடிந்தவன் மானின் முதுகில் இருந்த அம்பைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். திலகா நலங்கு மஞ்சளோடு ஓடிவந்து, “மாமா, உன் நெஞ்சுல ரத்தம்,” என்று முந்தானையை எடுத்தாள். பச்சியம்மா வாசற்படியில் நின்றாள். அவள் மானைப் பார்க்கவில்லை. புருஷனின் வாயோரத்தைப் பார்த்தாள், அண்ணனின் விரல்களைப் பார்த்தாள், பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். வலது காதை அண்ணன் பக்கம் திருப்பிக்கொண்டு, “உள்ள வா அண்ணா,” என்றாள்.

எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தன் பல்லைக் காட்டினான். சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.